தாயில்லாக் கன்று தன் இனம் சேர்ந்த கதை

அமெரிக்காவின் வடமேற்கு மூலையிலே, சியாற்றில் என்னும் துறைமுக நகரத்தை ஒட்டி, ஆழமான கடற்கால் ஒன்று நிலத்தினுள் நெடுந்தூரம் புகுந்து கிடக்கின்றது. மோட்டார் வண்டிகளையும் மனிதரையும் ஏற்றிக்கொண்டு கரைக்குக் கரை ஓடும் பெரிய பாதைப்படகுகள் அங்கே ஓய்வதில்லை. 2002ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் அப்படகுகளிற் சென்றோர் ஒரு புதுமையைக் கண்டனர். கருமையும் வெண்மையும் கலந்த மேனியுடைய சிறிய திமிங்கிலம் ஒன்று, துணை எதுவுமின்றி, படகு செல்லும் வழியிலேயே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. மிதந்து வந்த மரத்துண்டொன்றில் உடலை உரசிக்கொள்ளும்; படகு கிட்ட வந்தால் விலகாது அதனையே நாடி வரும். ஏறத்தாழப் பதினோரு அடி நீளமுள்ள அந்தக் கன்றுக்கு வயது இரண்டுதானும் நிரம்பியிருக்கவில்லை.

ஓர்க்கா என்றும் கொலைத் திமிங்கிலம் என்றும் அழைக்கப்படும் இனத்தைச் சேர்ந்தது அது. பெயர் அச்சந்தருவதாயினும், உண்மையில் இது ஓங்கிற் குலத்தின் மிகப் பெரிய உறுப்பினரேயாகும். அப்பகுதிக் கடலில் நிலையாக வாழும் ஓர்க்காக்கள் மீனையே உண்பன. அதிலும் சால்மன் மீன் என்றால் அவற்றுக்கு உயிர். (நம்மூர்க் கடைகளில் தகரத்தில் அடைத்து இப்பெயராற் கேட்டு வாங்கும் மீன் பெரும்பாலும் வேறொன்று, இது கடலில் வளர்ந்து, ஆறேறிச் சென்று முட்டையிடும் பெருமீன்.) இவ்வோர்க்காக்களிடையே ஆண் மக்களும் பெண் மக்களும் ஆயுள் முழுவதும் தாயை விட்டுப் பிரிவதில்லை. பாட்டி, தாய், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என ஒரே கூட்டமாக நீந்தித் திரியும் அக்குடும்பத்திலே, பால்மணம் மாறாத கன்றொன்று தனியே அகப்படுவதென்பது நடவாத காரியம். நடந்துவிட்டது. அஃது எவருடைய பிள்ளை? எங்கிருந்து வந்தது?

குரல் காட்டிய குலம்

விடை கிடைத்தது அதன் குரலிலிருந்து. நீருக்கடியில் ஒலிவாங்கியை இறக்கி அக்கன்றின் கூக்குரலைப் பதிவு செய்தனர். ஓர்க்காக்களின் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனக்கென்று ஒரு பேச்சு வழக்கு உண்டு என்பதைக் கனடா நாட்டு அறிஞர் யோன் போர்ட் முன்னரே ஆராய்ந்து நிறுவியிருந்தார். யாழ்ப்பாணத்தவர் பேச்சையும் மட்டக்களப்பார் பேச்சையும் கேட்ட மாத்திரத்தே நாம் பிரித்தறிவதில்லையா? அவ்வாறே கடலடியிற் கேட்கும் ஒலியைக்கொண்டு இன்ன குடும்பத்துத் திமிங்கிலம் என்று அறிஞர் கூறிவிடுவர். தாயிடமிருந்து பிள்ளை கற்கும் பேச்சு அது.

சியாற்றிற் கன்று பேசியது அவ்வூர்ப் பேச்சன்று. வடக்கே பல நூறு கிலோமீற்றருக்கு அப்பால், கனடாவின் வன்கூவர்த் தீவின் வட முனையையடுத்த கடலில் வாழும் ஒரு குடும்பத்தின் பேச்சு. அக்கடலிலுள்ள ஓர்க்காக்களுக்கெல்லாம் குடிசன மதிப்பு எடுத்தாற்போல ஒரு பதிவேடு உண்டு. முதுகுத் துடுப்பின் வடுவையும் அதன் பின்னாலுள்ள சாம்பல்நிறத் திட்டையும் படம்பிடித்து, ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டு வைக்கும் அம்முறையை 1970களில் தொடங்கியவர் மைக்கேல் பிக் என்பவர். அப்பதிவேட்டில் ஏ-73 என்ற எண்ணுடன், ஸ்பிறிங்கர் என்ற செல்லப்பெயருடன், 2000ஆம் ஆண்டிற் பிறந்த பெண்கன்றொன்று குறிக்கப்பட்டிருந்தது. அதன் தாய் மறைந்துவிட்டது. கன்றும் மாண்டிருக்கும் என்றே எண்ணியிருந்தனர். மாண்டதாகக் கருதப்பட்ட பிள்ளை அயலார் கடலிலே, அயற்பேச்சுக் கேட்கும் துறையிலே, மரத்துண்டைத் துணையாகக் கொண்டு கிடந்தது.

உடல்நிலையோ மோசமாயிருந்தது. தோலிலே நோய், குடலிலே புழு, மூச்சு விடுந்தோறும் ஒருவகைக் கடும் வாடை. உண்பதற்குப் போதிய உணவின்றி உடல் தன் கொழுப்பையே எரித்துப் பிழைக்கும்போது எழும் வாடை அது. நீரிழிவு முற்றியவர்களின் மூச்சிலும் அதனை வைத்தியர் இனங்காண்பதுண்டு.

செய்யக்கூடியவை மூன்று. இயற்கை விட்ட வழி என்று விட்டுவிடலாம்; பிடித்து வைத்தியஞ்செய்து காட்சிச்சாலையில் வளர்க்கலாம்; அல்லது நோயைத் தீர்த்து இனத்தாரிடமே கொண்டுபோய்ச் சேர்க்கலாம். 1960களிலும் 1970களிலும் அக்கடலிலிருந்து ஓர்க்காக் கன்றுகளைப் பத்துப் பத்தாகப் பிடித்துக் காட்சிச்சாலைகளுக்கு விற்ற கதையை அப்பகுதி மக்கள் மறந்திருக்கவில்லை. ஆகவே இரண்டாவது வழிக்குப் பலத்த எதிர்ப்பு எழுந்தது. ஆயினும் மூன்றாவது வழியையிட்டும் பலர் தலையசைத்துத் தயங்கினர். காரணம், அவர்கள் கண்முன்னே கெய்க்கோ இருந்தது.

திரைப்பட நாயகன் கெய்க்கோ

1979ஆம் ஆண்டு, ஐஸ்லாந்துக் கடலில், ஏறத்தாழ இரண்டு வயதிற் பிடிக்கப்பட்ட ஆண் ஓர்க்கா கெய்க்கோ. கை மாறிக் கை மாறிக் கனடாவுக்குச் சென்று, 1985இல் மெக்சிக்கோ நகரத்துக் கேளிக்கைப் பூங்காவொன்றை அடைந்தது. குளிர்கடற் பிராணி, வெப்பமான நீர், உடலுக்குப் போதாத தொட்டி. தோலெங்கும் பருக்கள் கிளர்ந்தன. 1993இல் வெளிவந்த ‘பிறீ வில்லி’ என்னும் திரைப்படத்திலே, சிறுவன் ஒருவனால் விடுவிக்கப்பட்டுக் கடலுக்குத் தாவிச் செல்லும் திமிங்கிலமாக நடித்தது அதுவே. படத்திலே விடுதலை, படம் முடிந்ததும் மறுபடியும் அதே தொட்டி! இதனை அறிந்த சிறுவர் சிறுமியர் பல நாடுகளிலிருந்தும் காசனுப்பினர். 1996இல் அமெரிக்காவின் ஒறெகன் மாநிலத்துக்குக் கொண்டுசென்று, குளிர்ந்த கடல்நீர் நிரம்பிய பெரிய தடாகத்தில் விட்டுத் தேற்றினர். நிறை ஒரு தொன்னுக்கு மேல் ஏறியது, தோல் தெளிந்தது. 1998 செப்ரெம்பரில் அமெரிக்க விமானப் படையின் மாபெரும் விமானமொன்று கெய்க்கோவைச் சுமந்து ஐஸ்லாந்தின் வெஸ்ற்மன் தீவுகளில் இறக்கியது. குடாவொன்றிலே வலையடைப்பில் வைத்துக் கடலைப் பழக்கத் தொடங்கினர்.

கடல் அங்கேதான் இருந்தது. வலைக்கு வெளியே அதே இனத்து ஓர்க்காக்களும் வந்துபோயின. ஆனால், கெய்க்கோ பத்தொன்பது ஆண்டுகளை மனிதரோடு கழித்திருந்தது. மீன் என்பது வாளியிலிருந்து வருவது. உறவு என்பது கரையில் நிற்பது. அதன் தாய் யார், எந்தக் கூட்டத்திற் பிறந்தது என்று எவராலும் துணிந்து கூற முடியவில்லை. படகொன்றின் பின்னே நடைபழகும் பிள்ளைபோல ஆழ்கடலுக்குச் சென்று, அப்படகின் பின்னேயே திரும்பி வந்தது. 2002இன் முற்பகுதியில், சியாற்றிற் கன்றைப்பற்றிய வாதம் நடைபெற்றுக்கொண்டிருந்தபோது, கெய்க்கோவின் நிலை இதுதான்.

ஸ்பிறிங்கருக்காக வாதாடியோர் சுட்டிய வேறுபாடு கவனிக்கத்தக்கது. இதன் குடும்பம் இன்னதென்று தெரியும். அக்குடும்பம் கோடைதோறும் இன்ன நீரிணைக்குச் சால்மன் மீனைத் தேடி வரும் என்றும் தெரியும். கன்று மனிதரோடு பழகத் தொடங்கிச் சில மாதங்களே ஆகின்றன. பிந்தினால் இம்மூன்றாவது அனுகூலம் நழுவிவிடும். அமெரிக்க, கனேடிய அரசுகள் இணங்கின.

முகங்காட்டாத செவிலியர்

2002 யூன் 13ஆம் திகதி கன்றைப் பிடித்து, அயலிலுள்ள மன்செஸ்ரர் என்ற கடற்கரைத் தளத்தின் வலையடைப்பில் விட்டனர். புழுவுக்கு மருந்து மீனுக்குள் வைத்துக் கொடுக்கப்பட்டது. உணவூட்டியோர் தம்மை அக்கன்று காணாதவாறு உயிர்ச் சால்மன்களைக் குழாய்வழியே நீரில் இறக்கினர். மீனுக்கும் மனிதருக்கும் தொடர்புண்டென்று அதற்குத் தோன்றக்கூடாது என்பதே நோக்கம். தடவிக்கொடுத்தலில்லை, பெயர்சொல்லி அழைத்தலில்லை. தாயற்ற குழந்தையைக் கண்டால் வாரியணைக்கத் துடிப்பது மனித இயல்பு. இங்கே அன்புடையார் செய்யவேண்டியிருந்தது அவ்வணைப்பை அடக்கிக்கொள்வதே. மருந்தூட்டுவதிலும் பார்க்க இது கடினமான வைத்தியம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஒரு மாதம் கழிந்தது. கன்று தேறியது, நோய்க்கிருமி எதனையும் இனத்தாரிடம் கொண்டுசெல்லாது என்பதையும் சோதனையால் உறுதிசெய்தனர். இச்சோதனை முக்கியமானது. குணமானதுபோலத் தோன்றும் ஒரு பிராணி, கூட்டம் முழுவதற்கும் கொள்ளைநோயைக் கொண்டுபோய்விடக் கூடும்.

யூலை 13ஆம் திகதி, இரட்டை உடலுடைய அதிவேகக் கப்பலொன்றின் தளத்தில் தொட்டி அமைத்துக் கன்றை ஏற்றினர். நாள் முழுவதும் ஓடிக் கனடாவின் ஹான்சன் தீவை அடைந்தது கப்பல். அக்கடலுக்கு உரிமை பூண்ட ஆதிக்குடிகளான நம்கிஸ் மக்களின் தலைவர்கள் வரவேற்றனர். குடாவில் அமைத்த வலையடைப்புக்குள் விடுவதற்குச் சால்மன் மீன் பிடித்து வைத்திருந்தவர்களும் அம்மக்களே. அன்றிரவு குடாவுக்கு வெளியே இருளில் ஓர்க்காக்கள் சில கடந்து சென்றன. நீரடி ஒலிவாங்கியிற் காதுவைத்திருந்தோர் கேட்டனர்: வெளியே குடும்பத்தின் பேச்சு, உள்ளே, பல மாதங்களாக மறுமொழி கேட்டறியாத கன்றின் உரத்த குரல்.

மறுநாள் உறவினர் மீண்டும் குடாவின் வாயிலுக்கு அணித்தாக வந்தபோது வலையைத் தாழ்த்தினர். கன்று வெளியேறியது.

கதை இங்கே முடிந்துவிடவில்லை. முதற் சில நாட்கள் ஸ்பிறிங்கர் கூட்டத்துக்குச் சற்றுத் தூரத்திலேயே நீந்தியது. பழைய பழக்கத்தால் படகுகளை நோக்கிச் செல்லவும் செய்தது. அவ்வேளையிலே தாயை இழந்த மற்றோர் இளம் பெண் ஓர்க்கா அதனைச் சேர்த்துக்கொண்டது. கன்று படகை நாடும்போதெல்லாம் அது குறுக்கே சென்று வழிமறித்து அழைத்துப்போனதை ஆராய்ச்சியாளர் கண்டனர். மனிதர் எத்தனை பேர் கூடியும் செய்திருக்க முடியாத பணி. 2003இன் கோடையில் குடும்பம் திரும்பி வந்தபோது ஸ்பிறிங்கரும் உடன் வந்தது. அதன்பின்னர் ஆண்டுதோறும் காணப்பட்டது. 2013 யூலையில் அதன் அருகே புதிய கன்றொன்று நீந்தியது. 2017இல் இரண்டாவது கன்று. தனித்துப் போன ஓர்க்காவொன்றைப் பிடித்து, குணப்படுத்தி, குடும்பத்தோடு சேர்த்து, அது தாயாவதையும் கண்டது அதற்கு முன் நிகழாத செயல்.

விந்தை யாதெனில், அதே கோடையிலேதான் கெய்க்கோவும் தன் பயணத்தைத் தொடங்கியது. 2002 ஓகஸ்றில் ஐஸ்லாந்தை விட்டு, ஏறத்தாழ 1,400 கிலோமீற்றர் தனியே நீந்தி நோர்வே நாட்டுக் கரையை அடைந்தது. உடல் மெலிந்திருக்கவில்லை, ஆதலின் வழியில் இரை பிடித்து உண்டிருக்கலாம் என்றனர். ஆனால் அங்கே சென்று அது தேடியது யாரை? மனிதரை. சிறுவர் அதன் முதுகில் ஏறி விளையாடினர். மீண்டும் காவலாளர் வந்து மீனூட்ட நேர்ந்தது. 2003 டிசெம்பர் 12ஆம் திகதி நோர்வேயிலேயே நிமோனியாக் காய்ச்சலால் இறந்தது. முயற்சி நிறைவேறவில்லை என்று பின்னர் அறிஞர் எழுதினர். அதனைக் கொண்டுபோனதே வீண் என்பார் கூற்றை நான் ஏற்பதற்கில்லை. தொட்டிக்குள் மடிவதைவிட அவ்வைந்தாண்டுக் கடல்வாழ்வு மேலானது. ஆயினும் அதனை விடுதலை என்று அழைப்பது திரைப்படத்துக்கே பொருந்தும்.

எளிதானவையும் அரிதானவையும்

எல்லாக் கடற் பாலூட்டிகளும் இவ்வளவு சிக்கலானவை அல்ல. கலிபோர்னியாவின் சோசலிற்றோ என்னும் ஊரிலே 1975இல் தொடங்கிய கடற் பாலூட்டி வைத்தியசாலை, கடல்நாய்களையும் கடற்சிங்கங்களையும் ஆயிரக்கணக்கிற் குணப்படுத்திக் கடலுக்கு அனுப்பியுள்ளது. யானைக் கடல்நாயின் தாய் ஏறத்தாழ நான்கு வாரமே பாலூட்டும்; பின் கன்றைக் கரையில் விட்டுக் கடலிற் போய்விடும். நீந்தவும் இரைபிடிக்கவும் அக்கன்று தானே கற்கவேண்டியதுதான் இயற்கையின் ஏற்பாடு. எனவே மெலிந்த கன்றைக் கொழுக்கவைத்து, தானாக மீன் பற்றப் பழக்கி, துடுப்பில் அடையாள வில்லையைக் குத்தி விட்டால் அது பிழைத்துக்கொள்ளும். அங்கும் ஊழியர் மரப்பலகையை முன்னே பிடித்துக்கொண்டே நடமாடுவர், வீண்பேச்சுப் பேசார்.

அவ்விதி தவறினால் என்னாகும் என்பதற்கு ஹவாய்த் தீவுகளில் ஒரு சான்றுண்டு. 2008இல் காவாய்த் தீவிலே தாயாற் கைவிடப்பட்ட அருகிவரும் இனத்துக் கடல்நாய்க் கன்றொன்றை மனிதர் கையால் ஊட்டி வளர்த்து மொலொக்காய்த் தீவுக் கடலில் விட்டனர். அது இறங்குதுறையில் நீந்தும் பிள்ளைகளையே விளையாட்டுத் தோழராக்கிக்கொண்டது. கன்றாயிருக்கும்வரை வேடிக்கை, வளர்ந்த கடல்நாய் பிள்ளையொன்றைக் கட்டித் தழுவினால் பிள்ளை மூழ்கிவிடும். ஈற்றில் அதனைப் பிடிக்கவேண்டியதாயிற்று. கண்ணிலும் படலம் வளர்ந்திருந்தமையால் ஹொனலூலுவின் காட்சிச்சாலையிலே தங்க நேர்ந்தது.

புளோரிடாவின் மனற்றிக் கடற்பசு வேறொரு பாடம் புகட்டுகின்றது. குளிர்காலத்தில் நீரின் வெப்பம் 20 பாகைக்குக் கீழே நெடுநாள் இறங்கினால் இப்பிராணி இறந்துபோகும். வெந்நீர் ஊற்றுகள் எங்கே உள்ளன என்பதைக் கன்று தாயோடு சென்றே அறிந்துகொள்கிறது. தாயற்று வளர்ந்த மனற்றிக்கு அவ்வழி தெரியாது. ஆகையால் அவற்றைப் பெரும்பாலும் குளிர்காலத்திலேயே, பிற மனற்றிகள் கூடியிருக்கும் ஊற்றுகளிற் கொண்டுபோய் விடுவர். வாலடியிற் பட்டியொன்றைக் கட்டி, அதில் மிதக்கும் ஒலிபரப்பியை இணைத்து, பின்னும் பல மாதம் கண்காணிப்பர்.

நம் கடலிலே

இந்த மனற்றியின் உறவுதான் நம் மன்னார்க் கடலில் வாழும் கடற்பசு. மீனவர் ஆவுளியா என்றும் அழைப்பர். சட்டத்தாற் காக்கப்பட்டிருந்தும் வலையிற் சிக்கி மூச்சுமுட்டி மடிவதாலும், களவாக இறைச்சிக்குக் கொல்லப்படுவதாலும் இன்று காண்பதற்கே அரிதாகிவிட்டது. 2019இல் தாய்லாந்திலே தாயைப் பிரிந்த கடற்பசுக் கன்றொன்றை மீட்டு, லிபொங் தீவின் ஆழமற்ற கடலிலேயே வைத்துப் போத்தற்பால் ஊட்டினர். அக்கன்று மிதக்கும் தோணியொன்றின் அடியைத் தாயின் வயிறென எண்ணி ஒட்டிக்கொண்டு திரிந்ததாம். நாடு முழுவதும் அதன்மேல் அன்பு சொரிந்தது. சில மாதங்களில், ஓகஸ்ற் 17ஆம் திகதி, இறந்தது. குடலிற் பிளாஸ்ரிக் துண்டுகள் கிடந்தன. காப்பாற்றும் கை தேர்ந்திருந்தும், விடுவதற்குரிய கடல் தூய்மையாயிருக்கவில்லை.

நமக்கு நேர்ந்த சோதனை 2020 நவம்பர் 2ஆம் திகதி வந்தது. பாணந்துறைக் கரையிலே நூற்றுக்கு மேற்பட்ட பைலற் திமிங்கிலங்கள் ஒதுங்கின. கொள்ளைநோய்க் காலத்து ஊரடங்கு அமுலில் இருந்தும், ஊரவரும் கடற்படையினரும் கரையோரக் காவற்படையினரும் இரவிரவாக நீரில் நின்று அவற்றைத் தள்ளினர். விடிவதற்குள் சிலவற்றைத் தவிர ஏனையவெல்லாம் கடலேறின. 2016 சனவரியில் தமிழகத்து மணப்பாட்டுக் கரையில் அவ்வாறு ஒதுங்கியபோது மீனவர் தள்ளிவிட்டவற்றுட் சில மீண்டும் கரைக்கே வந்தன. பைலற் திமிங்கிலமும் ஓர்க்காவைப் போலக் கூட்டம் பிரியாதது. உறவினர் கரையிற் கிடந்து கதறும்போது ஒன்று மாத்திரம் ஆழ்கடலை நோக்கிப் போகாது. ஆதலின் ஒவ்வொன்றாக அன்றி, இயன்றவரை கூட்டமாகச் சேர்த்தே வெளியே செலுத்தவேண்டும் என்பர் இத்துறையில் அனுபவமுள்ளோர்.

கரையோரக் கிராமங்களில் வாழும் குடும்பங்களும் மாணவரும் சில செய்திகளை அறிந்துவைத்திருத்தல் நன்று. ஓங்கிலோ திமிங்கிலமோ உயிருடன் ஒதுங்கினால் அதனை வயிறு கீழாக இருக்கும்படி நிமிர்த்தி வைக்கவேண்டும். உச்சந்தலையிலுள்ள மூச்சுத்துளையில் நீரோ மணலோ புகலாகாது. அதனைத் துணியால் மூடவும் கூடாது. உடலின் மற்றப் பாகங்களில் ஈரத்துணி போர்த்து, நிழல் செய்து, நீர் ஊற்றிக்கொண்டிருக்கலாம். வாலையோ துடுப்பையோ பிடித்து இழுத்தால் மூட்டு விலகிவிடும். கூட்டத்தையும் கூச்சலையும் விலக்கி, வனசீவராசிகள் திணைக்களத்துக்கோ கடற்படைக்கோ அறிவித்தல்வேண்டும். ஆவுளியா வலைப்பட்டால் நேரத்தை வீணாக்காது முதலில் அதன் தலையை நீர்மேல் உயர்த்தி மூச்சுவிடச் செய்து, பின் வலையை அறுக்கலாம். கன்று தனியே அகப்பட்டால் பரிவு மிகுந்து தூக்கிக்கொண்டு கரையேறிவிடக் கூடாது. சிறிது தூரத்தில் தாய் காத்து நிற்கக்கூடும். தோணியின் இயந்திரத்தை நிறுத்தி, ஒதுங்கி நின்று, முதலிற் கடலைச் சுற்றிப் பார்க்கவேண்டும்.